டா லாட்: ஒதுங்கி இருப்பதற்காகக் கட்டப்பட்ட ஊர்

வியட்நாமின் தெற்கு மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் டா லாட் நகரை இன்று அறிந்தவர்கள் பைன் காடுகள், பூப்பண்ணைகள், ஸ்ட்ராபெர்ரி, தேனிலவுப் பயணம் ஆகியவற்றோடு சேர்த்தே அறிந்திருக்கிறார்கள். தியென் பியென் பூ, ஹுவே, கே சான் என்று போரின் பெயரால் உலகம் நினைவில் வைத்திருக்கும் வியட்நாமிய ஊர்களின் வரிசையில் அது வருவதில்லை. பிரெஞ்சுக்காரர்களுடனான போரும் அமெரிக்கர்களுடனான போரும் அந்த ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டன என்ற எண்ணம் வியட்நாமியர் நடுவிலேயே பரவலாக உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அமைதி எங்கிருந்து வந்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால், வேறொரு வரலாறு கண்ணில் படுகிறது. வெப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் ஒதுங்கி வாழ ஆட்சியாளர்கள் கட்டிய ஊர் அது. அவர்கள் ஒதுங்கிய இடத்துக்கே அதிகாரமும் வந்து சேர்ந்தது. அதிகாரத்தைத் தொடர்ந்து போரும் வந்தது.

ஊரின் பெயர் அங்கே முன்பே வாழ்ந்தவர்களின் பெயர். கோஹோ மொழியில் 'டா' என்றால் நீர், ஓடை. 'லாட்' என்பது அந்த ஓடையோரம் குடியிருந்த மக்களின் பெயர். லாட், சில், சுரு, மா என்று பல குழுக்கள் லாங் பியாங் மேட்டுநிலத்திலும் அதன் சரிவுகளிலும் காடெரித்துப் பயிரிட்டும், சில இடங்களில் வயல் அமைத்தும் வாழ்ந்து வந்தன. கோஹோ, சுரு மக்களிடம் தாய்வழி உரிமை முறை நிலவியது. சமவெளி வியட்நாமியர் இவர்களை 'காட்டுமிராண்டி' என்று பொருள்படும் 'மொய்' என்ற சொல்லால் குறிப்பிட்டனர். பிரெஞ்சுக்காரர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு அரசு ஆவணங்களில் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள்.

1893 ஜூன் 21 அன்று இந்த மேட்டுநிலத்துக்கு வந்து சேர்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் யெர்சின், சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்; பாஸ்டர் நிறுவனத்தில் பயின்றவர். மறு ஆண்டே ஹாங்காங்கில் பிளேக் நோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகப் புகழ் பெறப்போகிறவர். காட்டு வழியாக ஏறி வந்தவருக்கு, பேரலைகள் எழுந்து அப்படியே உறைந்துவிட்ட கடலைப்போல மேடும் தாழ்வுமாக விரிந்த புல்வெளியும் குளிர்ந்த காற்றும் பெரும் வியப்பைத் தந்தன. இன்றும் டா லாட்டை யெர்சின் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது வழக்கமாக இருக்கிறது. அவருக்கு வழிகாட்டியவர்களும், சுமை தூக்கியவர்களும், இரவு தங்க இடம் கொடுத்த ஊர்களும் இருந்தன என்பதை நினைவில் கொண்டால் அந்தச் சொல் நெருடுகிறது. அதே பயணத்தின் திரும்பும் வழியில், கிளர்ச்சிக் கூட்டம் ஒன்றோடு ஏற்பட்ட மோதலில் யெர்சின் கடுமையாகக் காயமடைந்தார். காலனி ஆட்சியின் பிடி அந்த மலைகளில் அப்போது எவ்வளவு தளர்வாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

1897-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவின் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்ற போல் டூமேர், ஐரோப்பியர் உடல்நலம் தேறுவதற்கு ஏற்ற உயரமான இடம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோது, யெர்சின் லாங் பியாங்கைப் பரிந்துரைத்தார். அக்காலத்தில் இந்தோசீனாவுக்கு வந்த பிரெஞ்சுப் படைவீரர்களையும் அதிகாரிகளையும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காலராவும் கொத்துக்கொத்தாக அள்ளிச்சென்றன. வெப்ப மண்டலமே வெள்ளையரின் உடலைச் சீரழித்துவிடும் என்று மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். பிரித்தானியருக்கு இந்தியாவில் சிம்லாவும் ஊட்டியும் இருந்தன. டச்சுக்காரர்களுக்கு ஜாவாவின் மலைகளில் ஓய்வு இல்லங்கள் இருந்தன. ஆசியாவில் தனக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று பிரான்ஸ் எண்ணியதில் மருத்துவத்தின் பங்கு எவ்வளவோ அவ்வளவு மானப் பிரச்சினையின் பங்கும் உண்டு. டூமேர் 1899-இல் தாமே மேலேறி வந்து இடத்தைப் பார்த்தார். முதலில் டாங்கியா என்ற இடமே தேர்வானது. பிறகு அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்றைய டா லாட்டே ஏற்றது என்று இராணுவ மருத்துவர் எத்தியென் தார்டிஃப் வாதிட்டார். அதுவே நிலைத்தது.

டா லாட்டின் தொடக்க வரலாற்றின் மிகக் கொடிய முரண்பாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மேட்டுநிலத்தின் உச்சியில் மலேரியா குறைவு. அந்த உச்சிக்குப் போகும் வழியோ, இந்தோசீனாவிலேயே மலேரியா மிகக் கடுமையாக இருந்த அடிவாரக் காடுகளின் வழியாகச் சென்றது. அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு, தெளிந்து ஓடும் மலையோடைகளில் முட்டையிடுவது. சமவெளியிலிருந்து வந்தவர்களின் உடலுக்கு அதைத் தாங்கும் பழக்கம் இல்லை. ஐரோப்பியர் நோயிலிருந்து தப்புவதற்காக அமைக்கப்பட்ட அந்தப் பாதையில், கரையோர மாகாணங்களிலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட வியட்நாமியக் கூலிகள் காய்ச்சலில் விழுந்து மடிந்தார்கள். மலைவாழ் மக்களுக்கு வேறு விதமான சுமை. பயிர் வேலை நடக்கும் பருவத்திலேயே அவர்கள் சுமை தூக்கவும் சாலை வெட்டவும் அழைத்துச்செல்லப்பட்டதால், ஊர்கள் இடம்பெயர்ந்து காட்டுக்குள் ஒளிந்துகொண்ட நிகழ்வுகளும் உண்டு. மலேரியாவுக்கான கொயினா மருந்தைத் தரும் சிங்கோனா மரத்தை யெர்சின் பிற்காலத்தில் இதே மலைகளில் வளர்க்க முனைந்து, ஓரளவு வெற்றியும் கண்டார். அது முதல் சாலைகள் வெட்டப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிந்திய கதை.

டூமேர் 1902-இல் பிரான்ஸ் திரும்பியதும் பணம் நின்றது. சில மரவீடுகளோடும் ஒரு வானிலை நிலையத்தோடும் ஊர் தூங்கிவிட்டது. அதை எழுப்பியது முதல் உலகப் போர். கடல் வழி ஆபத்தாகிவிட்டதால் பிரெஞ்சு அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் விடுமுறைக்குத் தாய்நாடு போக முடியவில்லை. கையருகே ஒரு பிரான்ஸ் தேவைப்பட்டது. 1916 ஏப்ரல் 20 அன்று ஹுவேயில் இருந்த வியட்நாமிய அரசவையின் ஆணையால் டா லாட் நகரம் முறைப்படி உருவாக்கப்பட்டது. 1919-இல் காம் லி ஓடையை மறித்து ஏரி அமைத்தார்கள். 1922-இல் ஏரியைப் பார்த்தபடி லாங் பியாங் பேலஸ் ஹோட்டல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, நகர அமைப்பாளர் எர்னஸ்ட் எப்ரார் ஊருக்கு முழுத் திட்டம் ஒன்றை வரைந்தார். ஏரி, அழகுக்கு மட்டுமன்றி எல்லைக்கோடாகவும் பயன்பட்டது. ஒரு பக்கம் தோட்டங்களோடு கூடிய ஐரோப்பிய மாளிகைகள். மறு பக்கம் சந்தையைச் சுற்றி நெருக்கமாக வியட்நாமியர் குடியிருப்பு. பெயருக்கு உரிய லாட் மக்கள் ஊரின் ஓரத்துக்கும் அதைத் தாண்டியும் தள்ளப்பட்டார்கள். நோர்மாண்டி பாணி, பாஸ்க் பாணி, சவாய் பாணி என்று ஒவ்வொருவரும் தத்தம் சொந்த ஊரை நினைவூட்டும் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பனிப்பொழிவே இல்லாத ஊரில் அந்த உயர்ந்த புகைபோக்கிகள் ஏக்கத்தின் அடையாளமாகவே எனக்குத் தோன்றுகின்றன.

இந்தக் கனவின் மிகப் பெரிய செலவு ரயில்பாதை. பான் ராங் அருகே தாப் சாமிலிருந்து டா லாட் வரை 84 கிலோமீட்டர். 1908-இல் தொடங்கிய வேலை முடிய 1932 ஆயிற்று. அடிவாரத்திலிருந்து ஏறும் முதல் பகுதியில் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் 800 மீட்டர் உயரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. சாதாரணத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வரிசை கொண்ட மூன்றாவது தண்டவாளம் பதிக்கப்பட்டது. எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பற்களில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு, ஏணியில் ஏறுவதுபோல் வண்டியைத் தள்ளும். நூற்றுக்குப் பன்னிரண்டு வரை சரிவுள்ள அந்தப் பாதைக்கான எஞ்சின்களில் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. பாறையைக் குடைந்த கைகள் மட்டும் உள்ளூர்க் கைகள். 1938-இல் கட்டி முடிக்கப்பட்ட நிலையத்தின் முகப்பில் செங்குத்தாக எழும் மூன்று கூரைகள் லாங் பியாங் மலையின் சிகரங்களையும், மலைவாழ் மக்களின் உயர்ந்த கூரை வீடுகளையும் நினைவூட்டும்படி வடிக்கப்பட்டவை. தங்களை அப்புறப்படுத்திய நகரத்தின் வாசலில் அம்மக்களின் வீட்டு உருவம் அலங்காரமாக நிற்கிறது.

சைகோனிலிருந்து நேர்ச் சாலையும் 1932-இல் திறந்துவிட, ஊர் வேகமாக வளர்ந்தது. லிசே யெர்சின் என்ற உயர்நிலைப் பள்ளி, 'பறவைகள் கான்வென்ட்' என்று பெயர் பெற்ற பெண்கள் பள்ளி, அமெரிக்க மதபோதகர்களின் பிள்ளைகளுக்காக 1929-இல் தொடங்கிய பள்ளி என, பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பாமலே ஐரோப்பியராக வளர்க்கும் நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. அந்த அமெரிக்கப் பள்ளி 1965-இல் போருக்கு அஞ்சி வெளியேறி, பாங்காக், கேமரன் மலை வழியாகக் கடைசியில் பினாங்கில் நிலைகொண்டது; மலேசியாவில் இன்றும் அது 'டாலாட்' என்ற பெயரையே தாங்கியிருக்கிறது. பேரரசர் பாவ் தாய் 1930-களில் இங்கே கோடை மாளிகை கட்டிக்கொண்டார். தலைநகர் ஹுவேயில் கைகட்டி அமர்ந்திருக்க வேண்டிய மன்னருக்கு, டா லாட்டின் காடுகளில் வேட்டையாடும் சுதந்திரமாவது மிஞ்சியது.

ஊர் உச்சத்தைத் தொட்டது இரண்டாம் உலகப் போரின்போது. 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரான்சின் விஷி அரசுக்கு விசுவாசமாக இருந்த தலைமை ஆளுநர் ஜான் டெகூ, ஜப்பானியப் படைகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே பிரெஞ்சு நிர்வாகத்தை நடத்தினார். ஆண்டின் பெரும்பகுதியை அவர் டா லாட்டில் கழித்தார். அலுவலகங்கள் அவரைத் தொடர்ந்து மலையேறின. 1944 வாக்கில் மக்கள்தொகை சுமார் 25,000-ஐ எட்டியது. வடக்கிலிருந்து குடியமர்த்தப்பட்ட வியட்நாமிய விவசாயிகள் முட்டைக்கோசும் கேரட்டும் பயிரிட்டு ஐரோப்பியர் மேசைக்கு அனுப்பினார்கள். ஊர் இப்படிச் செழித்த அதே குளிர்காலத்தில்தான் வடக்கே டோங்கினில் பெரும் பஞ்சம் தொடங்கியது. கட்டாய நெல் கொள்முதலும், உணவுப் பயிருக்குப் பதிலாகச் சணல் பயிரிட வைத்ததும், போரினால் போக்குவரத்து அறுந்ததும் சேர்ந்து 1944-45-இல் இலட்சக்கணக்கானோரைக் கொன்றன. டா லாட்டின் பொற்காலம் என்று சுற்றுலா நூல்கள் வருணிக்கும் ஆண்டுகளை இந்தப் பஞ்சத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் ஆட்சியில் நிகழ்ந்தவை. 1945 மார்ச் 9 அன்று ஜப்பானியர் பிரெஞ்சு ஆட்சியையே கலைத்தபோது, அந்த மலைமேல் பிரான்ஸ் ஒரே இரவில் முடிந்துபோனது.

ஜப்பான் தோற்றபின் திரும்பி வந்த பிரான்ஸ், டா லாட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. 1946 ஏப்ரலில் லிசே யெர்சின் கட்டடத்தில் பிரெஞ்சு, வியட்நாமியப் பிரதிநிதிகள் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தார்கள். வில்லாக வளைந்த சிவப்புச் செங்கல் கட்டடம். அதன் நுனியில் 54 மீட்டர் உயர மணிக்கோபுரம். ஹோ சி மின் தலைமையிலான வியட்நாமிய அரசின் தரப்பில் வெளியுறவு அமைச்சர் நுயென் துவோங் தாம் தலைமையேற்க, வோ நுயென் ஜியாப் முக்கியப் பங்காற்றினார். தெற்கே கொச்சின்சீனா வியட்நாமின் பகுதியா, இல்லையா என்பதே உண்மையான கேள்வி. அதைப் பேசவே பிரெஞ்சுத் தரப்பு மறுத்தது. மூன்று வாரங்களுக்குப் பின் மே 11 அன்று கூட்டம் உடன்பாடின்றிக் கலைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 1 அன்று, ஹோ சி மின்னின் தூதுக்குழு பிரான்சில் ஃபோன்டென்புளோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே, பிரெஞ்சு உயர் ஆணையர் தார்ஜான்லியூ, வியட்நாமிய அரசை விலக்கிவிட்டு, கொச்சின்சீனா, கம்போடியா, லாவோஸ் பிரதிநிதிகளோடு டா லாட்டில் இரண்டாவது மாநாட்டைக் கூட்டினார். ஃபோன்டென்புளோப் பேச்சு அதனால் தடைபட்டது. டிசம்பரில் முழுப்போர் மூண்டது. டா லாட்டை இந்தோசீனக் கூட்டாட்சியின் தலைநகராக்கும் எண்ணமும் தார்ஜான்லியூவுக்கு இருந்தது.

இவ்விரு மாநாடுகளுக்கும் நடுவே, 1946 மே 27 அன்று, அதிகம் பேசப்படாத மற்றொரு ஆணை வெளிவந்தது. மேட்டுநில மாகாணங்களை வியட்நாமிலிருந்து பிரித்து, மலைவாழ் மக்களுக்கான தனி நிர்வாகப் பகுதியாக அது அறிவித்தது. சமவெளி வியட்நாமியரிடமிருந்து மலைமக்களைக் காக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. நேற்றுவரை அவர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துச்சென்ற நிர்வாகம் இன்று காவலனாக வந்தது என்பதை மறக்க முடியாது. அதேசமயம் தங்கள் நிலம் சமவெளியினரிடம் பறிபோகும் என்ற மலைமக்களின் அச்சம் பொய்யானதும் இல்லை. 1950 ஏப்ரலில் இந்தப் பகுதி பாவ் தாயின் 'முடியரசு நிலம்' ஆயிற்று. நாட்டுத் தலைவராகத் திரும்பிவந்திருந்த அவர், சைகோனைவிட டா லாட்டிலிருந்தே பெரும்பாலும் ஆட்சி செய்தார்.

ஊருக்குள் அமைதி நிலவினாலும், ஊருக்கு வரும் பாதைகளில் அது இல்லை. 1948 மார்ச் 1 அன்று சைகோனிலிருந்து டா லாட்டுக்கு வந்துகொண்டிருந்த வாகன அணியை லா ங்கா அருகே, ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட் மின்னின் படை தாக்கியது. பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியின் தளபதிகளில் ஒருவரான லெப்டினன்ட் கர்னல் டி செரிஞே அதில் கொல்லப்பட்டார். 1951 மே மாதம் ஊரின் உள்ளேயே பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஓர் அதிகாரியை வியட் மின் ஆட்கள் கொன்றபோது, பழிவாங்கலாக, சிறையில் இருந்த 20 கைதிகள் காம் லி விமானத் தளத்தருகே கொண்டுசெல்லப்பட்டு, விசாரணை ஏதுமின்றி, பிரெஞ்சுக் காவல் அதிகாரியின் உத்தரவின் பேரில் சுடப்பட்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுடப்பட்டவர்களில் ஒரு பெண் உயிர் தப்பினார். நகரின் நடுவே ஏரியாகத் தேங்கி நிற்கும் அதே காம் லி ஓடைதான் அந்த இடத்தின் பெயரிலும் இருக்கிறது.

1955 மார்ச்சில் தென் வியட்நாமின் பிரதமர் ஙோ தின் தியெம் முடியரசு நிலத்தைக் கலைத்தார். நாடு இரண்டாகப் பிரிந்தபின் வடக்கிலிருந்து வந்த அகதிகளில் ஒரு பகுதியினர் மேட்டுநிலத்தில் குடியமர்த்தப்பட்டனர். மலைமக்களின் வழக்காற்று நீதிமன்றங்களும் தாய்மொழிக் கல்வியும் நசுக்கப்பட்டன. 1964-இல் வெடித்த ஃபுல்ரோ என்ற மலைமக்கள் எழுச்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த இயக்கத்தின் கடைசி வீரர்கள் கம்போடியக் காட்டில் ஐ.நா. படையிடம் ஆயுதத்தைக் கையளித்தது 1992-இல். அமெரிக்கப் போர் முடிந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு.

தியெம் குடும்பத்துக்கும் டா லாட் பிடித்துப்போனது. அவருடைய தம்பி மனைவி ட்ரான் லே சுவான் இங்கே மாளிகைகள் கட்டினார். 1963 நவம்பர் ஆட்சிக்கவிழ்ப்பில் கணவரும் மைத்துனரும் கொல்லப்பட்டபோது அவர் அமெரிக்காவில் இருந்தார், இளைய பிள்ளைகள் மூவரும் டா லாட்டில் இருந்தார்கள். அந்த மாளிகை வளாகத்தில் இப்போது தேசிய ஆவணக் காப்பகம் ஒன்று இயங்குகிறது. நுயென் வம்சத்தின் மர அச்சுப் பலகைகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. முப்பத்துநான்காயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள், ஒவ்வொன்றிலும் சீன எழுத்துகள் இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மை தடவித் தாளை வைத்து எடுத்தால் அரச வரலாற்றின் ஒரு பக்கம் நேராகத் தெரியும். 1960-ஐ ஒட்டி ஹுவேயிலிருந்து பாதுகாப்புக் கருதி இவை மேலே கொண்டுவரப்பட்டன. 1968-இல் ஹுவேயின் அரண்மனை வளாகம் எப்படி நொறுங்கியது என்பதை நினைத்தால், அந்த ஒரு முடிவாவது நன்மையில் முடிந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். 2009-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இதே ஆண்டுகளில் ஊர், போரை நடத்துவோரைத் தயாரிக்கும் இடமாகவும் மாறியது. 1950-இல் ஹுவேயிலிருந்து இங்கே மாற்றப்பட்ட இராணுவக் கல்லூரி, பின்னாளில் தென் வியட்நாமின் தேசிய இராணுவ அகாதெமி ஆயிற்று. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான நுயென் வான் தியூ அதன் தலைவராக இருந்தவர். 1963 மார்ச்சில், அமெரிக்க உதவியோடு 250 கிலோவாட் ஆய்வு அணு உலை ஒன்றும் திறக்கப்பட்டது. வட்ட வடிவில் அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் ஙோ வியெட் தூ.

டா லாட்டில் சண்டையே நடக்கவில்லை என்ற நம்பிக்கை 1968 பிப்ரவரி 1 அன்று உடைந்தது. டெட் புத்தாண்டுத் தாக்குதலின்போது தென் வியட்நாம் அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் தரப்பான தேசிய விடுதலை முன்னணியின் படைகள் ஊருக்குள் புகுந்தன. அகாதெமி மாணவர்களே துப்பாக்கியேந்திப் போராட வேண்டியிருந்தது. சண்டை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. ஆனாலும் மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் டா லாட் பட்ட அழிவு குறைவே. இருதரப்பும் இரகசியமாக ஒப்புக்கொண்டு ஊரை விட்டுவைத்தன என்ற கதைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. பெரிய நெடுஞ்சாலைகளிலிருந்தும் லாவோஸ், கம்போடிய எல்லைப் பாதைகளிலிருந்தும் விலகி இருந்தது, வடக்கே பிளெய்குவையும் பூவன் மா தூட்டையும் போல அது போர்த்திட்டத்தின் முடிச்சாக இல்லாதது என்ற இரண்டு காரணங்களே போதுமானவை என்று நினைக்கிறேன்.

முடிவும் அப்படித்தான் வந்தது. 1975 மார்ச் 10 அன்று தொடங்கிய தாக்குதலில் பூவன் மா தூட் வீழ்ந்தது. சில நாட்களில் மேட்டுநிலத்திலிருந்து பின்வாங்கத் தியூ உத்தரவிட்டார். டா லாட்டிலிருந்து இராணுவ மாணவர்களும் மக்களும் கீழே இறங்கத் தொடங்கினர். மார்ச் இறுதியில் அமெரிக்க வல்லுநர்கள் இருவர் வந்து, நின்றுபோயிருந்த அணு உலையின் எரிபொருள் கோல்களைக் கழற்றி விமானத்தில் ஏற்றிச் சென்றார்கள். ஏப்ரல் 3 அன்று பெரும் சண்டையின்றி ஊர் கைமாறியது. காலியாக விடப்பட்ட உலையைச் சோவியத் வல்லுநர்கள் சீரமைத்துத் திறனை இரட்டிப்பாக்க, 1983 இறுதியில் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது.

ரயில்பாதை போரின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. தண்டவாளங்களைக் கண்ணிவெடிகள் திரும்பத் திரும்பப் பெயர்த்தன. ஓட்டம் 1970-களுக்கு முன்பே தேய்ந்துவிட்டது. 1975-க்குப் பிறகு, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பிரதான ரயில்பாதையைப் பழுதுபார்க்கப் பொருள் தேவைப்பட்டதால், மலைப்பாதையின் தண்டவாளங்களைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். துருப்பிடித்து நின்ற எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலை ரயில் ஆர்வலர்கள் 1990-இல் விலைக்கு வாங்கி, கப்பலேற்றித் தங்கள் நாட்டுக்கே கொண்டுசென்றார்கள். டா லாட்டின் மூன்று கூரை நிலையத்திலிருந்து அருகிலுள்ள சாய் மாட் வரை 7 கிலோமீட்டர் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்காக ரயில் ஓடுகிறது. அதற்குக் கீழே, கூலிகள் காய்ச்சலில் விழுந்த அந்தச் செங்குத்துச் சரிவில், புதர் மூடிய சுரங்கவழிகளும் பாலங்களின் கல் தூண்களும் நிற்கின்றன.